மத்தியானத்தில் வரும் கசப்பு

நான் போட்ட எலுமிச்சை ஜூஸ் காலையில் நன்றாக இருந்தது. மத்தியானம் கசந்தது. ஏன் என்று தெரியாமல் கொஞ்ச நாள் எனக்கு வேறு யோசனையே ஓடவில்லை.

ஆந்திரா பக்கம் நகரியில் ஒரு சாயப்பட்டறையில் எனக்கு வேலை. நூலுக்குச் சாயம் ஏற்றுவது. என் பெண்சாதி பக்கத்துத் தெருவில் ஒரு ஷெட்டில் பவர்லூம் ஓட்டுகிறாள். பையன் தடா பக்கம் ஒரு கம்பெனியில் இருக்கிறான், அங்கேயே ரூம். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அடுப்பு அவளுடையது. நான் வெந்நீர் வைப்பேன், அதுக்கு மேல் தெரியாது.

போன கோடையில் அவளுக்கு வலது பக்கம் இடுப்பில் வலி வந்தது. தரையில் உருண்டாள். திருப்பதிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கிட்னியில் கல் என்றார்கள். லேசர் வைத்து உடைத்து எடுத்தார்கள். அனுப்பும்போது டாக்டர் என்னையும் உள்ளே கூப்பிட்டார். இடது பக்கத்திலும் ஒரு சின்னக் கல் இருக்கிறது, நன்றாகத் தண்ணீர் குடித்தால் அது தானாகப் போய்விடும், குடிக்காவிட்டால் வளரும், வளர்ந்தால் மறுபடியும் இதே பாடுதான் என்றார்.

"நீள்ளு பாகா தாகாலம்மா," என்று அவளிடம் தெலுங்கில் ஒரு தடவை சொன்னார். எங்கள் பக்கம் அது எல்லோருக்கும் புரியும். தண்ணீர் நன்றாகக் குடிக்கணும். எலுமிச்சம்பழம் பிழிந்து குடித்தால் இன்னும் நல்லது, சர்க்கரை கம்மியாக என்றார். மழைக்காலத்தில் வந்து ஸ்கேன் எடுக்கச் சொன்னார்.

அவளுக்கு வெறும் தண்ணீர் இறங்காது. குமட்டுகிறது என்பாள். அதனால் ஜூஸ்தான் வழி. அவளை எழுந்திருக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு நானே போட ஆரம்பித்தேன்.

போடுவதில் ஒன்றும் இல்லை. பழத்தை அறுத்து, பிழிந்து, கேன் தண்ணீர் ஊற்றி, உப்பு, கொஞ்சம் சர்க்கரை. ஒரு வாய் குடித்துப் பார்ப்பேன். நன்றாக இருக்கும். பாட்டிலில் ஊற்றிக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வேலைக்குப் போவேன். சாயங்காலம் வந்தால் பாட்டில் காலி. பரவாயில்லையே என்று இருந்தேன்.

ஒரு நாள் கை கால் கழுவப் போனபோது, கழுவின தண்ணீர் போகிற ஜலதாரையில் எறும்பு. ஒன்று இரண்டு இல்லை, வரிசை.

"ஜலதாரையில இன்னா எறும்பு?" என்று கேட்டேன்.

"எறும்புன்னா எங்கயும்தான் வரும்."

"சக்கரை இல்லாம வராதே."

அவள் சுவர் பக்கம் திரும்பிப் படுத்தாள். சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"கசக்குது மாமா. நீ காலங்காத்தால எழுந்து புழிஞ்சு வெச்சிட்டுப் போற. உங்கிட்ட எப்டி சொல்றது? அதான் ஊத்திட்டேன்."

"நான் குடிச்சுப் பாத்துட்டுதான வெச்சேன். நல்லாத்தான கீது."

"காலையில நல்லா கீது. மத்தியானம் வந்து குடிச்சுப் பாரு. வேப்பெண்ண தேவல."

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் பட்டறையிலிருந்து வந்து குடித்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. நாக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. அதே பாட்டில், அதே ஜூஸ். அதில் யாரும் எதையும் போடவில்லை. கசப்பு எங்கிருந்து வந்தது?

எனக்கு இப்படி ஒன்று வந்தால் விட முடியாது. பட்டறையில் நூல் ஒரு பக்கம் வெளுத்துப் போனால் தண்ணீரா, உப்பா, சூடா என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்போம். ஒரு தடவைக்கு ஒன்றுதான் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் எது காரணம் என்று தெரியாது. இதையும் அப்படியே செய்தேன்.

முதலில் பாட்டிலை மாற்றினேன். பிளாஸ்டிக்கை விட்டுக் கண்ணாடி. கசந்தது. தண்ணீரை மாற்றினேன். கேன் தண்ணீருக்குப் பதில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர். கசந்தது. தூள் உப்பை விட்டுக் கல்லுப்பு போட்டேன். கசந்தது. கொட்டையை எல்லாம் வடிகட்டி எடுத்தேன். கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது, போகவில்லை.

பிறகு என் கையைப் பார்த்தேன். சாயம் போடுகிறவன் கை. நகக்கண்ணில் நீலமும் சிவப்பும் எத்தனை சோப்பு போட்டாலும் போகாது. சாயம்தான் இறங்குகிறது என்று முடிவு செய்து, கையில் பிளாஸ்டிக் கவரைக் கட்டிக்கொண்டு பிழிந்தேன். கவர் கிழிந்தது. ஜூஸ் கசந்தது.

பையன் போனில் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னான்.

"நைனா, அதெல்லாம் போன்ல வீடியோ கீது. பாத்து செய்."

பார்த்தேன். ஒரு பெண் கண்ணாடிக் கிளாஸில் ஐஸ் போட்டு, மேலே புதினா இலை வைத்தாள். கசப்பைப் பற்றி அவள் பேசவே இல்லை. வைத்த உடனே குடித்துவிட்டாள். மத்தியானம் வரைக்கும் அவள் எதற்கு வைத்திருக்கப் போகிறாள்.

புத்தூர் போனபோது பழம் பிழிகிற கட்டை ஒன்று வாங்கி வந்தேன். இரண்டு கைப்பிடி, நடுவில் பள்ளம். அதில் வைத்து அழுத்தினேன். நன்றாகவே அழுத்தினேன். மூன்றாம் நாள் கைப்பிடி ஒடிந்தது.

பட்டறையில் விஷயம் தெரிந்துபோனது. தொட்டிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவன் கேட்டான்.

"இன்னாண்ணா, சாயத்த உட்டுட்டு ஜூஸ் கடை போடப்போறியா?"

"போட்டா நீ வருவியா?"

"காலையிலன்னா வரேன். மத்தியானம் வர மாட்டேன்."

பட்டறையில் எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். எனக்குக் காரணம் வேண்டும்.

பஸ் ஸ்டாண்டு ஓரம் தள்ளுவண்டியில் ஒருவன் ஜூஸ் போடுவான். ஒரு சாயங்காலம் அவன் வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவன் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அறுத்தான், விரலுக்குள் வைத்து ஓர் அமுக்கு, கூடையில் போட்டான். அடுத்தது. கூடைக்குள் எட்டிப் பார்த்தேன். பாதி ரசம் அப்படியே தோலில் நின்றது.

"இன்னா பெத்தய்யா, எதுனா உழுந்துச்சா?" என்றான்.

"அதுல இன்னும் ரசம் கீதே."

"இருக்கட்டும்."

"வீணாப் போவுது."

"உனக்கு ஜூஸ் வோணுமா, வோணாமா?"

ஒரு கிளாஸ் வாங்கிக் குடித்தேன். ஒரு பாட்டிலிலும் வாங்கினேன். மறுநாள் மத்தியானம் குடித்தேன். கசக்கவில்லை. இவன் என்னமோ பொடி கலக்கிறான் என்று நினைத்தேன். கண்ணுக்கு முன்னால் கூடையில் கிடந்ததை நான் பார்த்தும் பார்க்கவில்லை.

இதற்குள் அவளுக்கு உடம்பு சரியாக இல்லை. நான் ஊற்றி வைப்பதில் இரண்டு வாய்தான் குடித்தாள். வெயில் வேறு. மூத்திரம் மஞ்சளாக எரிச்சலோடு போகிறது என்றாள். ஒரு நாள் மத்தியானம் இடது பக்கம் வலி வந்து கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். சத்தம் போடவில்லை. வலது பக்கம் வந்தபோதும் முதலில் இப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அது ஞாபகம் இருந்தது. தள்ளுவண்டி ஜூஸையே வாங்கித் தரலாம் என்றால் அதில் பாதி சர்க்கரை. டாக்டர் சொன்னது வேறு.

மறுநாள் காலை நான் பிழிந்துகொண்டிருந்தேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து அடுப்படி வாசற்படியில் நின்றாள். நான் பிழிவதை அவள் அதுவரை பார்த்ததில்லை. படுத்த இடத்திலிருந்து அடுப்படி தெரியாது.

"அத இன்னா பண்ற?" என்றாள்.

"புழியறேன்."

"புழியறியா? உசுர எடுத்துக்கினு கீற."

நான் கையை நிறுத்தினேன். அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்தால் இடுப்பு வலிக்கும். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அது இன்னா நூல் சிட்டமா? முறுக்கிட்டு கொடியில காயப் போடப் போறியா?"

கையைத் திறந்து பார்த்தேன். தோல் கயிறு மாதிரி முறுக்கிக் கிடந்தது. உள்பக்கம் வெளியே வந்து, வெள்ளைச் சதை நசுங்கிப் பிய்ந்திருந்தது. ஒரு சொட்டு இல்லை.

பட்டறையில் சாயத் தொட்டியிலிருந்து நூலை எடுத்தால் முளையில் மாட்டி, நடுவில் கோலை விட்டு முறுக்க வேண்டும். சொட்டு நிற்கும் வரைக்கும் முறுக்க வேண்டும். ஈரம் மிச்சம் இருந்தால் கொடியில் போடும்போது சாயம் கீழே இறங்கித் திட்டு விழும். திட்டு விழுந்த நூலை யாரும் வாங்க மாட்டார்கள். என் கைக்குத் தெரிந்த பிழிதல் அது ஒன்றுதான். பழத்தையும் அதே போலப் பிழிந்திருக்கிறேன். கட்டையில் வைத்தாலும் அதே போல. கைப்பிடி ஒடியாமல் என்ன செய்யும்.

"தோல்லதான் கசப்பு கீது மாமா. நீ தோலப் புழியற," என்றாள். ஒரு பழத்தை எடுத்து அறுத்து, லேசாக ஓர் அமுக்கு அமுக்கி வைத்துவிட்டாள். "போதும். மிச்சத்தப் பாத்திரம் தேய்க்க வெச்சிக்கலாம்."

அன்றைக்கு இரண்டு கிளாஸ் போட்டேன். ஒன்று அவள் மாதிரி, ஒன்று என் மாதிரி. மற்றதெல்லாம் ஒன்று. இரண்டையும் தட்டு போட்டு மூடி வைத்தேன். வேலைக்குப் போகவில்லை. நடுவில் நடுவில் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

"நீ பாக்கறதப் பாத்தா கோழி முட்டைக்குக் காவல் மாதிரி கீது," என்று கட்டிலிலிருந்து சொன்னாள்.

முதலில் இரண்டும் ஒன்றுதான். வெயில் ஏற ஏற என்னுடையது மாறியது. அவளுடையது அப்படியே நின்றது.

காரணம் தெரிந்தது. ஆனால் ஏன் காலையில் கசக்கவில்லை? பிழிந்தபோதே தோலில் இருந்தது ஜூஸில் இறங்கியிருக்கும். அப்போதே கசக்க வேண்டியதுதானே. இதை அவளிடம் கேட்டேன். "எனக்கின்னா தெரியும்?" என்றாள்.

எனக்கு ஒரு நீலம் ஞாபகம் வந்தது. அந்தச் சாயத்தில் நூல் தொட்டிக்குள் இருக்கும்போது நீலமாக இருக்காது. வெளியே எடுக்கும்போதும் மஞ்சளும் பச்சையுமாகத்தான் இருக்கும். புது ஆள் பார்த்தால் சாயம் பிடிக்கவில்லை என்பான். காற்று பட்டால் கண்ணுக்கு முன்னால் நீலமாகும். நீலம் எங்கிருந்தும் வரவில்லை, நூலிலேயே இருந்தது. வெளியே தெரிவதற்கு அதற்குக் கொஞ்ச நேரம் வேண்டும். கசப்பும் அப்படி ஏதாவது இருக்கலாம். படித்தவர்கள் வேறு சொல்லலாம். எனக்கு இது போதுமாக இருந்தது.

அப்புறம் கையை நிறுத்துவதுதான் கஷ்டமாக இருந்தது. ஓர் அமுக்கு அமுக்கியதும் கை தானாகத் திருகப் போகும். பிடித்து நிறுத்தி, ரசம் நிற்கிற தோலைக் கீழே வைக்க வேண்டும். மனசு ஒப்பாது. இரண்டு வாரத்தில் பழகிவிட்டது. பழம் முன்னைவிட அதிகம் தேவைப்பட்டது. ஜலதாரையில் எறும்பு இல்லை. அவள் குடித்தாள். வலி அடங்கியது. மூத்திரம் தெளிந்தது என்றாள்.

ஆடி முடிந்து அவள் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். பெரிய பாட்டிலில் ஜூஸ் கொடுத்து அனுப்பினேன். சாயங்காலம் பாட்டில் முக்கால்வாசி நிரம்பித் திரும்பி வந்தது.

மூடியைத் திறந்து குடித்துப் பார்த்தேன். கசக்கவில்லை. மறுநாளும் அப்படியே வந்தது. அன்றைக்கும் குடித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. எனக்கு மறுபடியும் தலைக்குள் ஓட ஆரம்பித்தது. ஷெட்டுச் சூட்டில் ருசி மாறுகிறதா, உப்பு கம்மியா.

"உப்பு போதலையா?" என்று கேட்டேன்.

"போதும்."

"அப்பறம் ஏன் குடிக்கல?"

அவள் புடவையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"குடிச்சா போவணும்," என்றாள்.

"போ."

"எங்க?"

நான் பாட்டிலைக் கீழே வைத்தேன்.

"ஷெட்டுக்குப் பின்னால முள்ளு. முன்னால டீக்கடை. ஆம்பளைங்க செவுத்துப் பக்கம் போய்க்கினு வருவாங்க. எங்களுக்கு எங்க கீது? காலையில வூட்டுல போய்ட்டுப் போனா சாயங்காலம் வூட்டுக்கு வந்துதான். அதான் தண்ணி குடிக்கறதில்ல. நாங்க நாலு பேரும் அப்டித்தான்."

"இத்தினி வருசமாவா?"

"பின்ன?"

தண்ணீர் குடிக்காததால் கல் வந்தது என்று டாக்டர் சொன்னார். ஏன் குடிக்கவில்லை என்று அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பாட்டிலை மாற்றினேன், உப்பை மாற்றினேன், தண்ணீரை மாற்றினேன். இதைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

"நான் ஓனராண்ட பேசட்டா?" என்றேன். அவர் எங்கள் பட்டறையில் நூல் வாங்குகிறவர்தான். தெரிந்த மனிதர்.

"நீ பேசுனா உன்ன டீ குடிக்கக் கூட்டிக்கினு போவாரு. நீயும் குடிச்சிட்டு வருவ. சும்மா இரு."

சாப்பிட்டோம். தட்டைக் கழுவி வைத்துவிட்டு அவள் சொன்னாள்.

"நாளைக்கு பெரிய தூக்குல போடு. நாலு பேருக்கும்."

"எதுக்கு?"

"போடுன்னா போடு. தண்ணி நெறைய ஊத்து."

போட்டேன். தூக்கு கனமாக இருந்தது. ஷெட்டு வரைக்கும் நானே கொண்டுபோய் வைத்தேன். மற்ற மூன்று பெண்களும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். என்ன பேசி வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

மத்தியானத்துக்கு மேல் ஷெட்டு ஓனர் எங்கள் பட்டறைக்கு வந்தார். நேராகத் தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏம்பா, அந்த ஜூஸ்ல இன்னா கலக்கற?"

"எலுமிச்சம்பழம். உப்பு. கொஞ்சம் சக்கரை."

"நாலு பேரும் ஒரே நேரத்துல தறிய நிறுத்திட்டு பக்கத்துல எங்க வூட்டு வாசல்ல வந்து நிக்கறாங்க. தறி ஓடற சத்தம் நின்னு போச்சேன்னு நான் பயந்துட்டேன். மோட்டார் போயிடுச்சோன்னு."

"அப்பறம்?"

"இன்னா அப்பறம்? எங்க வூட்டம்மா வந்து இன்னாங்கடின்னு கேட்டா. முட்டிக்கினு வந்துச்சு அக்கான்னு சொல்லியிருக்காங்க. அவ பின்பக்கம் கூட்டிக்கினு போய் பாத்ரூமத் தெறந்து உட்டுட்டா."

"நல்லது."

"நல்லதா? நாளைக்கும் வருவாங்களாம். தெனமும் வருவாங்களாம்."

"நானும் தெனமும் போடறேனே," என்றேன்.

அவர் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். நூல் எப்போது காயும் என்று கேட்டார். சொன்னேன். போய்விட்டார்.

சாயங்காலம் அவள் மீதியைச் சொன்னாள். நாலு பேரும் வாசலில் போய் நின்றுவிட்டார்களாம். யார் முதலில் பேசுவது என்று பேசி வைக்கவில்லை. கடைசியில் இருக்கிறதிலேயே சின்னவள், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாதவள், அவள்தான் சொன்னாளாம். ஓனர் பெண்சாதி ஒரு வார்த்தை திட்டவில்லை. தண்ணீரை மட்டும் நீங்களே தெருக் குழாயிலிருந்து பிடித்து வைத்துவிடுங்கள் என்றாளாம்.

"ஓனரு?"

"ஒவ்வொருத்தியா போங்க, நாலு தறியும் ஒண்ணா நிக்கக் கூடாதுன்னாரு. சரின்னோம். எங்களுக்கு அது போதும்."

அதிலிருந்து தினமும் காலையில் தூக்கில் போடுகிறேன். பழம் அறுக்க அவள் உதவிக்கு வருவாள். பிழிவது நான்தான். சில நாள் ஓனர் வீட்டுக்கும் ஒரு சொம்பு போகிறது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. திருப்பதிக்கு ஸ்கேனுக்குப் போனோம். பஸ்ஸில் ஜன்னல் ஒழுகியது. அவள் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். இடது பக்கம் கையை வைத்தபடி வந்தாள். வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை, சும்மா என்றாள்.

ஸ்கேன் ரூம் வாசலில் ஒரு பெண் வந்து, நிறையத் தண்ணீர் குடித்து, போகாமல் அடக்கி வைத்திருக்க வேண்டும், அப்போதுதான் படம் தெளிவாக விழும் என்று தெலுங்கில் சொல்லிவிட்டுப் போனாள். என் பெண்சாதி பாட்டில் முழுவதையும் குடித்தாள். பக்கத்திலிருந்தவர்கள் நெளிந்தார்கள், எழுந்து நடந்தார்கள். இவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எனக்குப் போய் சொல்றாங்க பாரு," என்றாள்.

உள்ளே போய் வந்தாள். பிறகு டாக்டர் ரூமுக்கு முன்னால் உட்கார்ந்தோம். நேரமாகிக்கொண்டே போனது. கூப்பிட்டதும் இரண்டு பேரும் எழுந்தோம்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பழைய படத்தையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இடது பக்கத்தில் கல் இல்லை, போய்விட்டது என்றார். நானும் இரண்டு படத்தையும் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஏம் சேசாரம்மா?" என்றார். என்ன செய்தீர்கள் என்று கேட்டார்.

"குடிச்சேன் சார்," என்றாள் அவள். "போவறதுக்கு எடம் கெடச்சிது."

அவர் தலையாட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.